நாலாவது தார்ப்பாய்

1. ஏழு குவியல்

அன்று கரைமேட்டில் ஏழு குவியல் உப்பு இருந்தது. மூன்று லாரி லோடு ஏற்றியது போக மீதி ஏழு. பிற்பகல் மூன்று இருபதுக்கு மேற்கே, திண்டிவனம் பக்கம், வானம் கறுத்தது. உப்பளத்தில் மழைக்கு முன்னால் உப்பை மூடாவிட்டால் அது கரைந்து வந்த இடத்துக்கே போய்விடும். ஏழு தார்ப்பாய் இருந்தன. ஒரு பாய்க்கு நான்கு பெண்கள், மூலைக்கு ஒருவர். மூலைக் கயிற்றை இழுத்துத் தரையில் அடித்த இரும்பு முளையில் கட்ட வேண்டும். நான் நடுவில் நின்று எண்ணினேன்.

எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் எண்ணுக்கு லாபம் என்று பெயர். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கூடையானாலும் பாயானாலும் எனக்கு அப்படித்தான் வாயில் வரும். அது மரக்காணம் உப்பளத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த இருபத்தெட்டாவது வருடம். அந்த வேலையில் பாதி எண்ணிக்கை, பாதி சத்தம்.

மூன்றாவது பாயைக் கட்டும்போது மோட்டார் பார்க்கும் ஏழுமலை ஓடிவந்தான்.

"சார், இடி கிட்ட வந்துட்டுது. பொம்பளைங்கள ஷெட்டுக்கு அனுப்பிடலாம் சார்."

"இன்னும் நாலுதாம்பா. பத்து நிமிஷம்."

"உப்பு போனா மறுபடியும் வெளையும் சார்."

"நீ போயி மோட்டார ஆஃப் பண்ணு."

அவன் போனான். நாலாவது குவியலில் கடைசி முடிச்சு விழுந்தது. நான் "நாலு" என்று சத்தமாகச் சொன்னேன். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தன. தனக்கோட்டி கயிற்றைப் பிடித்தபடி முளையின் மேல் கிடந்தாள். அடுத்த மூலையில் நின்ற அஞ்சலாட்சி தூக்கி எறியப்பட்டு விழுந்து எழுந்தாள். எழுந்தவள் தனக்கோட்டியின் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனக்கோட்டிக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி வரை போகவேண்டியிருக்கவில்லை. மூடாத மூன்று குவியலும் கரைந்தன.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இடிக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன், பதினோரு பேரிடம். ஏழுமலை என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

2. வேலிக்காத்தான் வரைக்கும்

உப்பளத்தில் மறைவு கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பாத்தி, வரப்பு, வெயில். பெண்கள் ஒதுங்க வேண்டுமென்றால் வடக்கே இருக்கும் வேலிக்காத்தான் புதர் வரை போக வேண்டும். கரைமேட்டிலிருந்து இருநூற்று நாற்பது தப்படி. அவ்வளவு தூரமும் வரப்பின் மேல் எல்லார் கண்ணுக்கும் தெரிய நடக்க வேண்டும். அதனால் எந்தப் பெண்ணும் தனியாகப் போகமாட்டாள். துணைக்கு ஒருத்தி போவாள். யாருக்கு யார் துணை என்பது வருடக்கணக்காக மாறாது. அஞ்சலாட்சிக்குத் தனக்கோட்டிதான் துணை.

நான்கு நாள் வேலை நின்றது. ஐந்தாம் நாள் தொடங்கியது. அடுத்த வாரத்திலிருந்து அஞ்சலாட்சிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தலையில் கூடையோடு பாதி வழியில் நிற்பாள். முகம் வெளுக்கும். கூடையை வரப்பிலேயே இறக்கி வைத்துவிட்டு வடக்கே திரும்புவாள். துணைக்கு யார் போவது என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கடைசியில் ஸ்டெல்லா போவாள். அவளுக்குத்தான் வாய் அதிகம், மனசும் அதிகம்.

"யக்கா, ஒனக்கு ஒரு பஸ் பாஸ் வாங்கிக் குடுக்கச் சொல்லணும். வேலிக்காத்தான் டூ கரைமேடு."

"சும்மா வாடி. நானே சாவுறேன்."

"சாரு எண்ணிக்கினு இருக்காரு, சீக்கிரம் நட. வீட்டுல சோறு போட்டாக்கூட பருக்கைய எண்ணிட்டுத்தான் துன்னுவாரு போலக்குது."

ஒரு தடவைக்கு இரண்டு பேர் வரிசையை விட்டுப் போனால் உப்பு நகராது. முதலாளி என்னைவிட இருபது வயது இளையவர். அப்பா காலத்து ஆள் என்பதால் மரியாதையாகப் பேசுவார்.

"அந்தம்மா இன்னா சார், நின்னா ஓடுது, நடந்தா ஓடுது. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டின்னு பாருங்க. ரொம்பன்னா வேற ஆளு போட்டுக்கலாம்."

நான் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தடவைக்கு ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினேன். ஆறு, ஏழு, ஐந்து, எட்டு. புள்ளி வைப்பதை அவள் பார்ப்பாள். மறைத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணுவது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் நான் பழகிய முறை.

அவள் வேலை அந்தப் புள்ளிகளில் தொங்கியது. புருஷன் இல்லை. மகன் சென்னையில் சென்ட்ரிங் வேலைக்குப் போய் வருகிறவன். உப்பளத்தை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

3. நர்சம்மா சொன்னது

மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா எங்கள் ஷெட்டுக்கு வருவார். பிரஷர் பார்ப்பார், மாத்திரை தருவார். அஞ்சலாட்சியைத் திண்டிவனத்துக்கு அனுப்பி மலம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். புண் இல்லை, பூச்சி இல்லை. மாத்திரை மூன்று விதம் மாற்றினார்கள். புள்ளி குறையவில்லை.

"எல்லாம் நார்மல்னா அப்புறம் ஏம்மா ஓடுது?" என்று நான்தான் கேட்டேன்.

"வயித்துல இல்ல சார் வியாதி. வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல நரம்பு ஓடுது. ரெண்டும் பேசிக்கினே இருக்கும். ஆபத்துன்னு பட்டா, நாம யோசிக்கிறதுக்குள்ள குடலுக்குச் சேதி போயிடும். இருக்கிறத காலி பண்ணு, ஓடணும்னு. நமக்குப் பயந்தா வந்துட்டுப் போயிடுது. இவங்களுக்கு அன்னிக்கு வந்தது இன்னும் போகல."

"வருசம் பாதி ஆயிடுச்சே."

"வயித்துக்கு காலண்டர் தெரியாது சார்."

நர்சம்மா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். வயிற்றின் மேல் கை வைக்கச் சொன்னார். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் நரம்பு தணியும், ஆபத்து இல்லை என்று குடலுக்குச் சேதி திரும்பிப் போகும் என்றார். இழுக்க நாலு எண்ணிக்கை, விட ஆறு.

"நான் எண்றேன், நீங்க இழுங்க. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு."

அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடினாள். ஸ்டெல்லா சும்மாட்டுத் துணியை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

திரும்பி வந்ததும் மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் நாலில் எழுந்தாள்.

"நாலுல இன்னாம்மா இருக்குது?" என்று நர்சம்மா கேட்டார்.

"தெரியலீங்க. நாலுன்னு கேட்டா அடிவயிறு சுருட்டுது."

நான் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தப்படி தள்ளி நின்றேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை உள்ளே விடவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த இரண்டு தடவைக்கும் இரண்டு புள்ளி வைத்தேன்.

நர்சம்மா கெட்டிக்காரர். எண்ணை விட்டுவிட்டார். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று சத்தம் தீரும் வரை மூச்சை விடச் சொன்னார். அதை அவளால் செய்ய முடிந்தது. சில நாள் கூடையோடு நடக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். ஆனால் நாள் முழுக்க உப்பு நகரும். நாள் முழுக்க நான் எண்ணுவேன். இருபது கூடைக்கு ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி லாபத்திலிருந்து தொடங்குவது என் முறை. ஒரு நாளில் எத்தனை தடவை நாலைத் தாண்டியிருப்பேன் என்று அப்போது நான் கணக்கிடவில்லை. பிறகு கணக்கிட்டேன். சுமார் முப்பது.

4. ஐம்பத்தெட்டும் ஏழும்

எனக்கு இடது கண்ணில் புரை. ஆபரேஷனுக்காக ஒன்பது நாள் லீவு போட்டேன். எடைமேடை குமார் என் இடத்தில் நின்றான். புள்ளி வைக்கவும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று, இரண்டு, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று. ஒன்பது நாளில் ஏழு. அதற்கு முந்தைய என் ஒன்பது நாளைக் கூட்டினேன். ஐம்பத்தெட்டு. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் தப்பாகப் படிக்கிறேனோ என்று இரண்டு தடவை கூட்டினேன்.

குமார் சோம்பேறி, சரியாக எழுதியிருக்கமாட்டான் என்று முடிவு செய்துகொண்டு ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"எழுதனான் சார். பொம்பளைங்க பின்னால எட்டி எட்டிப் பார்த்துத்தான் எழுதனான்."

"அப்ப அஞ்சலாட்சிக்கு எப்படி சரியாச்சு?"

அவள் கூடையைத் தட்டி உப்பை உதிர்த்தாள். பதில் சொல்ல யோசிக்கிற ஆள் இல்லை அவள். அன்றைக்கு யோசித்தாள்.

"குமாரு வாயத் தொறந்து எண்ணல சார். பலகையில சாக்பீஸால கோடு போட்டுக்கினே நின்னான். அக்கா பாட்டுகூட பாடுச்சு." பிறகு சொன்னாள், "நீங்க லாபம்னு ஆரமிக்கும்போது ஒரு நாளு அது மூஞ்சியப் பாருங்க சார். எங்களுக்கெல்லாம் தெரியும். உங்ககிட்ட யாரு சொல்றது?"

ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். என் சர்வீஸில் நான் எண்ணாத பொருள் இல்லை. அந்த அளத்தில் அவள் வயிற்றைக் கலக்கிய பொருள் நான்தான் என்பது என் எண்ணிக்கையிலேயே இருந்தது.

மறுநாள் நாலைத் தவிர்த்துப் பார்த்தேன். லாபம், ரெண்டு, மூணு என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அஞ்சு என்றேன். வரிசையே சிரித்தது. "சாரு ஒரு கூடைய முழுங்கிட்டாருடி" என்று யாரோ சொன்னார்கள். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. சொல்லாத நாலு சொன்ன நாலைவிட அவளுக்குப் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். அன்று ஆறு புள்ளி.

அதன் பிறகு குமாரைப் போலப் பலகையில் கோடு போட்டேன். வாயைத் திறக்கவில்லை. ஆறு நாள். இரண்டு, ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று. ஆறாம் நாள் தெற்குப் பாத்திப் பெண்களுக்கும் வடக்குப் பாத்திப் பெண்களுக்கும் கூலிக் கணக்கில் மூன்று கூடை தகராறு வந்தது. நான் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றார்கள். சத்தமாக எண்ணினால் எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொள்வார்கள். கோட்டை யார் நம்புவார்? முதலாளி பைக்கிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இன்னா சார் புதுசா மௌன விரதம்? முப்பது வருசமா வாய்விட்டுத்தானே எண்ணிக்கினு இருக்கீங்க?"

"இல்ல… தொண்ட சரியில்ல."

"மாத்திரை போடுங்க. நாளைலேருந்து வாய்விட்டு எண்ணுங்க. எனக்குப் பஞ்சாயத்துப் பண்ண நேரமில்ல."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் அல்ல. குமாரை அந்த வரிசைக்கும் என்னை எடைமேடைக்கும் மாற்றியிருப்பார். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் இடி விழுந்த நாளில் தொடங்கும். நாலுக்கு அவள் ஏன் பயப்படுகிறாள் என்று சொன்னால், நாலு வரைக்கும் நான் ஏன் எண்ணினேன் என்று கேட்பார். ஏழுமலை வந்து அவர்களை அனுப்பச் சொன்னதையும் சொல்லவேண்டி வரும். தொண்டை என்றேன். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு லாபம் என்று தொடங்கினேன்.

5. பூஜ்யம்

பிறகு நடந்ததுதான் இந்தக் குறிப்பை நான் எழுதக் காரணம்.

முதல் மூன்று நாள் பழையபடி ஏழு, ஏழு, ஒன்பது. முதலாளி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த மாசம் முடிஞ்சா அனுப்பிடலாம் சார்" என்றார். அவள் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னார். நாலாம் நாள் புள்ளி இரண்டானது. ஐந்தாம் நாள் பூஜ்யம். அதையும் சேர்த்துப் பதினோரு நாள் தொடர்ந்து பூஜ்யம்.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. வாய்விட்டு எண்ணுகிறேன், அவள் கூடையோடு நடக்கிறாள், வடக்கே திரும்பவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன். மூச்சுப் பயிற்சி வேலை செய்கிறது என்று நர்சம்மாவிடம் போனில்கூடச் சொன்னேன். முதலாளியிடம் பதிவேட்டைக் காட்டினேன். "பரவால்லியே" என்றார். அவள் வேலை தப்பியது.

பன்னிரண்டாம் நாள் பதினொரு மணிக்கு, கரைமேட்டுக்கு ஏறும் சரிவில், அஞ்சலாட்சி கூடையோடு விழுந்தாள். உப்பு முகத்தில் கொட்டியது. நாக்கு காய்ந்து அட்டை மாதிரி இருந்தது. ஸ்டெல்லா அவள் தூக்குவாளியைத் திறந்து தண்ணீர் எடுக்கப் போனாள். தூக்குவாளி காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து எத்தனையோ நாள் ஆன மாதிரி உள்ளே உலர்ந்து கிடந்தது.

"நான் கேட்டப்பல்லாம் வீட்டுலயே துன்னுட்டேன்னு சொல்லிச்சு சார்" என்றாள் ஸ்டெல்லா. "வயித்துல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் போகாதுல்ல."

அவள் தினமும் முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல், அந்த வெயிலில் சுமந்திருக்கிறாள். வயிறு பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. காலி செய்ய ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நான் அதைப் பூஜ்யம் என்று எழுதினேன். பதினோரு பூஜ்யம்.

ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தாள். கிட்னி இரண்டும் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். சுமை தூக்கக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது. உப்பளத்தில் இந்த இரண்டையும் விட்டால் வேறு வேலை இல்லை. அவள் பெயரை நான்தான் பதிவேட்டிலிருந்து அடித்தேன்.

ஒரு வார்த்தை இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு. எண்ணிக்கை கூடும்போது எல்லாரும் பதறுவார்கள், காரணம் தேடுவார்கள். தொல்லை திடீரென்று பூஜ்யமாகும்போதுதான் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நான் பூஜ்யத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

6. அவள் வீட்டில்

ஓய்வு பெற்ற நாலாம் மாதம் அவளைப் பார்க்கப் போனேன். அதுவரை போகவில்லை. சொல்லவேண்டியதை மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஏழுமலை உங்களை அனுப்பச் சொன்னான். நான்தான் அனுப்பவில்லை. மறுபடி சத்தமாக எண்ணத் தொடங்கியபோதும் எனக்குத் தெரியும். இவ்வளவுதான்.

வீட்டு வாசலில் அவள் மருமகள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அஞ்சலாட்சி சாய்ந்திருந்தாள். கை கால் மெலிந்து, முகம் மட்டும் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"உக்காருங்க சார்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்னால் கழிவறை கட்டியிருந்தார்கள்.

ஒன்பது நிமிடம் கழித்து வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வீட்டுல அம்மா சௌக்கியமா சார்? கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். முதல் வாக்கியத்துக்காக வாயைத் திறந்தேன். என் தொண்டை கனைத்த சத்தம்தான் வந்திருக்கும். அவள் கை வயிற்றுக்குப் போனது. "ஒரு நிமிசம் சார்" என்று மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை நடை தள்ளாடியது. மருமகள் பூண்டைப் போட்டுவிட்டு ஓடி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எந்த எண்ணையும் சொல்லவில்லை. அந்த வயிற்றுக்கு இப்போது எண்ணே வேண்டியதில்லை, நான் போதும்.

மருமகள் திரும்பி வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கோபம் எதுவும் இல்லாமல், பஸ்ஸுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உப்பளத்துலேருந்து யாரு வந்தாலும் ஆசையா பேசும். ஸ்டெல்லா அக்கா வந்தா பொழுதுக்கும் சிரிக்கும். நீங்கன்னாதான் இப்படி ஆவுது. இன்னும் ரெண்டு வாட்டி போச்சுன்னா ஒடம்புல தண்ணி நிக்காது, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நீங்க கௌம்புங்க. நீங்க தெருவத் தாண்டினாத்தான் அது உள்ள வரும்."

எழுந்து வந்துவிட்டேன். மூன்று வாக்கியத்தையும் மருமகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவள் போய்ச் சொல்லும்போது என் பெயரைச் சொல்லித்தானே தொடங்க வேண்டும்.

மன்னிப்புக்கும் காலம் உண்டு என்பதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். நம் முகத்தைப் பார்த்து ஒருவர் வயிறு நடுங்காதிருக்கும் வரைக்கும்தான் அவரிடம் நாம் எதையும் சொல்ல முடியும். அதன் பிறகு அவருக்கு நாம் செய்யக்கூடியது தள்ளியிருப்பது ஒன்றுதான். அதை நான் தவறாமல் செய்துவருகிறேன்.